மிஸ்டேக்கன் பாயின்ட் பாறைகளுக்காக ஒரு கோரிக்கைச் சாசனம்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில், அவலான் தீபகற்பத்தின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கிறது மிஸ்டேக்கன் பாயின்ட். மூடுபனியில் இதைக் கேப் ரேஸ் முனை என்று நினைத்துத் திரும்பிய கப்பல்கள் பாறையில் மோதியதால் வந்த பெயர். அங்குள்ள பாளங்களில் சுமார் 56 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய கடலடி உயிர்கள், வாழ்ந்த இடத்திலேயே பதிந்து கிடக்கின்றன. வாயும் குடலும் அவற்றுக்கு இல்லை. வெளிச்சம் எட்டாத ஆழத்தில் வாழ்ந்ததால் தாவரம் என்றும் சொல்ல முடியாது. எரிமலைச் சாம்பல் இறங்கி அவற்றை அப்படியே மூடிவிட்டது. 1987இல் காப்பகம், 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலம். இவ்வளவு வந்தபிறகும் மாகாண அரசிடமும் ஒன்றிய அரசிடமும் நாங்கள் கேட்பதற்குச் சில உண்டு.

காலணியைக் கழற்றி, காலுறையோடுதான் பாறைமேல் ஏற வேண்டும் என்ற விதி எவருக்காகவும் தளரக் கூடாது. அமைச்சரே வந்தாலும் சரி. கால் சில்லிடும், பொறுத்துக்கொள்ளலாம்.

நடுப்பகலில் போகிறவர் வெறும் சாம்பல்நிறக் கல்லைத்தான் பார்ப்பார். சாய்வெயில் விழும்போதுதான் நூல்கதிர் போன்ற ஃபிராக்டோஃபியூசஸ் என்ற உயிரின் படிமம் எழுந்து வரும்: கிளை, கிளைக்குள் கிளை, அதற்குள்ளும் கிளை. ஆகவே மாலைப் பயணங்களைக் கூட்டுங்கள். ஆட்களைக் கூட்ட வேண்டாம்.

எங்கள் முக்கியக் கோரிக்கை இது. சாம்பல் படலத்தை அரித்துப் படிமத்தைக் காட்டித் தரும் அதே மழையும் உறைபனியும்தான், காட்டியபின் அதையும் தேய்க்கின்றன. கூரை போட்டு இதைத் தடுக்க முடியாது. எனவே ஒவ்வொரு பாளத்தையும் குறித்த இடைவெளியில் முப்பரிமாண ஸ்கேன் செய்து, யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

1967இல் இந்தப் படிமங்களைக் கண்டவர் நிலவியல் வரைபடம் தயாரிக்கப் போன இந்திய மாணவர், மெமோரியல் பல்கலைக்கழகத்தின் சிவ பாலக் மிஸ்ரா. ஓர் இனத்துக்கு 'மிஸ்ராய்' என்று அவர் பெயர் வர 2007 ஆகிவிட்டது. வழிகாட்டிகள் அவர் பெயரைச் சொல்லித்தான் பயணத்தைத் தொடங்க வேண்டும். நம் இந்தியப் பாடநூல்களுக்கும் இது பொருந்தும். பீம்பேட்கா குகையில் டிக்கின்சோனியா என்ற தொல்லுயிரின் படிமம் கிடைத்ததாக 2021இல் கொண்டாடினோம். அது தேன்கூட்டின் தடம் என்று 2023இல் தெளிவானது. உண்மையாகவே கண்டுபிடித்தவரை மட்டும் மறந்துவிட்டோம்.

கடைசியாக, அங்கிருந்து எடுத்துவந்த துண்டு யார் வீட்டு அலமாரியிலாவது இருந்தால், வழக்குப் போடாமல் திரும்பப் பெற ஏற்பாடு செய்யுங்கள். எந்தப் பாளத்தில் எடுத்தது என்று நினைவிருந்தால், அதையும் ஒரு சீட்டில் எழுதித் தரட்டும்.