பத்தாண்டுக் கெடு முடிந்த கருக்கள்

மாண்புமிகு ஒன்றிய சுகாதாரத் துறை அமைச்சருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

2021 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டத்தின் 28ஆம் பிரிவைப் பற்றி எழுதுகிறேன். உறையவைத்த கருவைப் பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, கெடு முடிந்ததும் அழியவிட வேண்டும், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு பதிவுபெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். அதன் பின் உறையவைத்த கருக்களுக்கு 2032இல் கெடு முடியத் தொடங்கும்.

அழிவதா, ஆய்வுக்குப் போவதா? உலகம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வாதாடிவரும் கேள்வி இது. 1998இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தார். உடலின் எந்த உறுப்பணுவாகவும் மாறக்கூடியவை அவை. ஆனால் அவற்றை எடுக்க, ஐந்தாறு நாள் வளர்ந்த கருவைச் சிதைக்க வேண்டும். நாம் இந்தக் கேள்விக்கு ஒரு 'அல்லது' போட்டு, முடிவைத் தம்பதியிடம் தள்ளிவிட்டோம்.

அந்தக் கரு ஓர் ஆளா? இல்லை என்பவர்கள் காட்டும் வலுவான சான்று இரட்டையர். ஏறக்குறைய 14ஆம் நாள்வரை ஒரு கரு இரண்டாகப் பிரியலாம். ஓர் ஆளா, இருவரா என்றே இன்னும் முடிவாகாத ஒன்றை எப்படி ஓர் ஆள் என்பது? மறுதரப்பு சளைக்கவில்லை. ஒரு தட்டைப்புழுவை வெட்டினால் இரண்டாகி விடுகிறது. அதனால் வெட்டுவதற்கு முன் அது ஒரு புழுவாகவே இல்லை என்பீர்களா என்று கேட்கிறது. இன்னொரு பழைய வாதமும் உண்டு. கருத்தரிப்பு மையம் தீப்பிடிக்கிறது. ஒரு கையில் ஒரு குழந்தையைத் தூக்கலாம், அல்லது உறைந்த கருக்கள் உள்ள பெட்டியைத் தூக்கலாம். எல்லோரும் குழந்தையைத்தான் தூக்குவார்கள். சரிதான். ஆனால் தீயில் நான் காப்பாற்றாமல் விட்டதை, மறுநாள் எடுத்து அறுக்க எனக்கு உரிமை வந்துவிடுமா? இதற்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை.

ஆனாலும் உபரிக் கருக்கள் விஷயத்தில் நான் ஆய்வின் பக்கமே நிற்கிறேன். யாருடைய கருப்பைக்கும் போகப் போவதில்லை என்று முடிவான கருவுக்கு, அழியவிடுவது ஆய்வைவிடத் தூய்மையான முடிவு அல்ல. திரவ நைட்ரஜனிலிருந்து வெளியே எடுத்து வைப்பதும் மனிதக் கை செய்யும் வேலைதான். ஆய்வுக்கென்றே புதிதாகக் கரு உண்டாக்குவது வேறு. அதை நான் ஏற்கவில்லை. தென்கொரியாவில் ஆய்வாளர் ஹ்வாங் வூ-சுக், ஆய்வுக்கென்றே உண்டாக்கிய கருக்களிலிருந்து ஸ்டெம் செல் எடுத்ததாக 2004, 2005இல் வெளியிட்ட முடிவுகள் பொய் என்று அம்பலமானபோது, அவர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த இளம் பெண்களிடமிருந்தே சினைமுட்டை பெறப்பட்டதும் வெளிவந்தது. கருவைப் பற்றியே பேசுகிறவர்கள் சினைமுட்டை கொடுக்கும் பெண்ணின் உடலை மறந்துவிடுகிறார்கள்.

மற்ற நாடுகள் நேர்மையாக நடந்துகொண்டன என்று சொல்லவில்லை. 2001 ஆகஸ்டில் அதிபர் புஷ், ஏற்கெனவே உருவாக்கப்பட்ட ஸ்டெம் செல் வரிசைகளுக்கு மட்டும்தான் அமெரிக்க அரசுப் பணம் என்றார். அவற்றை வைத்திருந்த நிறுவனங்களின் பட்டியலில் மும்பை ரிலையன்ஸ் லைஃப் சயின்சஸும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இருந்தன. ஸ்டெம் செல்லுக்கென்று இங்கே தனி வழிகாட்டி நெறி வந்ததே 2007இல்தான். ஜப்பானிய ஆய்வாளர் யமனகா 2007இல் மனிதத் தோலணுவையே ஸ்டெம் செல்லைப் போல மாற்றிக் காட்டியபோது, வழக்கு முடிந்தது என்று பலர் மூச்சு விட்டார்கள். முடியவில்லை. தொடக்க நாட்களில் கரு எப்படி வளர்கிறது, ஏன் கலைகிறது என்பதை அறிய இன்றும் கருவேதான் வேண்டியிருக்கிறது.

இனி, ஆய்வகத்தில் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்ற எல்லை. 1984இல் பிரிட்டனில் மேரி வார்னாக் என்ற தத்துவ அறிஞர் தலைமையிலான குழு முன்வைத்தது அது. குழுவுக்குள்ளேயே மாற்றுக் கருத்து இருந்தது. ஆண்டுக்கணக்கில் விவாதித்தபின் 1990இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிகளும் அதே 14 நாளைத்தான் சொல்கின்றன. ஏன் 14 என்று பொதுமக்களுக்கு யாரும் விளக்கவில்லை. அகிம்சையைப் பேசும் சமண மரபும், கரு உற்பத்திக்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கும் திருமந்திரமும் உள்ள நாட்டில் இதைப் பற்றிச் சொல்ல எவருக்கும் ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டீர்களா? 2021இல் சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கம் அந்த எல்லையை மீறக்கூடாதவற்றின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அடுத்த அழுத்தம் நமக்கும் வரும்.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. 14 நாளை மாற்றும் எண்ணம் எழுந்தால், அதைக் குழு அறையில் முடிக்காமல் அவையில் வைத்துப் பேசுங்கள். ஆய்வுக்கான சம்மதத்தை, குழந்தை வேண்டும் என்ற தவிப்பில் எதிலும் கையெழுத்திடத் தயாராக இருக்கும் முதல் நாளிலேயே வாங்கி முடித்துவிடாதீர்கள். கெடு நெருங்கும்போது மறுபடியும் கேட்க வேண்டும். கேட்பவர் சிகிச்சைக்குப் பணம் வாங்கிய மையத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. என்ன ஆய்வு, யார் செய்வது, அந்தச் செல்களிலிருந்து யார் லாபம் பார்ப்பார் என்பது தமிழிலும் பிற மொழிகளிலும் எழுதித் தரப்பட வேண்டும். பதில் சொல்லாத தம்பதியின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் விதியிலேயே எழுதிவிடுங்கள். 2032க்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்