வெள்ளைக் கூரை கரைகிறது!

ஒரு தம்ளர் தண்ணீரில் ஐஸ் கட்டியைப் போட்டு வையுங்கள். ஐஸ் முழுக்கக் கரைந்த பிறகு பாருங்கள். தண்ணீர் மட்டம் ஏறியிருக்காது.

இதை வைத்துக்கொண்டுதான் சிலர் வாதாடுகிறார்கள். “வடதுருவத்துக் கடல்ல மிதக்கிற ஐஸ் உருகினா என்ன? அதனால கடல் மட்டம் ஏறப் போறதில்லையே! அப்புறம் எதுக்கு இந்தக் கூப்பாடு?” என்கிறார்கள்.

கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அது பாதிக் கணக்கு. மீதிக் கணக்கு வெயிலில் இருக்கிறது!

கோடை வந்தால் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கிறார்களே, ஏன்? வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்புத் தளம் என்ன செய்யும்? உச்சி வெயிலில் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடந்தவரைக் கேட்டால் சொல்வார்.

வடதுருவத்து ஐஸ், பூமியின் மொட்டை மாடிக்கு இயற்கை அடித்துவைத்த சுண்ணாம்பு. தன்மேல் விழும் வெயிலில் பாதிக்குமேல் அது திருப்பி அனுப்பிவிடுகிறது. ஐஸ் கரைந்துவிட்டால் அங்கே இருப்பது கருநீலக் கடல். அது திருப்புவது நூற்றுக்கு ஆறு பங்குதான். மீதியைக் குடித்துவிடும்!

குடித்த சூடு சும்மா இருக்குமா? பக்கத்து ஐஸையும் கரைக்கும். இன்னும் கொஞ்சம் கடல் திறக்கும். அதுவும் சூட்டைக் குடிக்கும். குளிர்காலம் தொடங்கும்போது அந்தச் சூடு காற்றில் ஏறும். புது ஐஸ் தாமதமாக, மெல்லிசாக உறையும். அடுத்த கோடையில் அது சீக்கிரமே கரைந்துவிடும். கந்துவட்டிக் கணக்கேதான்!

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1979 முதல் செயற்கைக்கோள்கள் மேலிருந்து அளந்து வருகின்றன. வருஷத்தில் ஐஸ் மிகவும் குறைவாக இருப்பது செப்டம்பரில். 1980களில் அந்த மாதத்திலும் சுமார் 70 லட்சம் சதுர கிலோ மீட்டர் இருந்தது. 2012 செப்டம்பரில் 34 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அதன் பிறகு ஏறி இறங்கினாலும், பழைய அளவுக்கு ஒரு வருஷம்கூடத் திரும்பவில்லை.

1979க்குப் பின் வடதுருவப் பகுதி, உலக சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது என்று 2022ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

ஊரே இடம் மாறுகிறது

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஷிஷ்மரேஃப் என்று ஒரு சின்னத் தீவு கிராமம். இனுபியாட் பழங்குடி மக்கள் சுமார் 600 பேர் வாழும் இடம். முன்பெல்லாம் புயல் காலத்துக்குள் கடல் உறைந்து, அலைகள் கரையை நெருங்காமல் காத்தது. இப்போது ஐஸ் தாமதமாக வருகிறது. புயல் முந்திக்கொள்கிறது. அலை கரையைத் தின்கிறது!

1997ல் ஒரு புயலுக்குப் பிறகு வீடுகளையே பெயர்த்து நகர்த்த வேண்டியதாயிற்று. 2016ல் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு, வேறு இடம் போவதென்று முடிவு செய்தார்கள். ஓட்டுப் போட்டதோடு சரி. போகப் பணம் வேண்டுமே! ஊர் இன்னும் அதே தீவில்தான் இருக்கிறது.

கடல் மட்டம் ஏறாது என்ற ஆறுதலும் நிற்காது. மிதக்கும் ஐஸ் மட்டத்தை உயர்த்தாது, சரி. பக்கத்திலேயே கிரீன்லாந்து இருக்கிறதே! அங்கே ஐஸ் நிலத்தின்மேல் மலையாகக் கிடக்கிறது. அது உருகி வந்தால் கடலுக்குப் புதுத் தண்ணீர். முழுதும் உருகப் பல நூற்றாண்டு ஆகும். உருகினால் உலகக் கடல் மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும்.

இந்த நிலையிலும், ஐஸ் விலகினால் கப்பலுக்குக் குறுக்குவழி, அடியில் இருக்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வழி என்று கணக்குப் போடும் நாடுகள் உண்டு. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்!

யார் கணக்கில் எவ்வளவு?

பெட்ரோலோ நிலக்கரியோ எரிந்து ஒரு டன் கரியமில வாயு காற்றில் கலந்தால், செப்டம்பர் ஐஸில் சுமார் 3 சதுர மீட்டர் கரைகிறது என்று 2016ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அதாவது 32 சதுர அடி. ஒரு ஆள் படுக்கிற கட்டிலைவிடப் பெரிசு.

ஒரு டன் வாயு வர சுமார் 430 லிட்டர் பெட்ரோல் போதும்!

அமெரிக்கர் ஒருவர் பேரில் வருஷத்துக்குச் சராசரியாக 14 டன் போகிறது. ஒரு சின்ன வீட்டின் அளவு ஐஸ்! இந்தியர் ஒருவர் பேரில் சுமார் 2 டன். இதிலும் காருள்ளவரும் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவரும் ஒன்றல்ல.

ஆகவே குறைக்க வேண்டிய கடமை எல்லாருக்கும் உண்டு; முதல் கடமை அதிகம் எரித்தவர்களுக்கு. 2015ல் பாரிசில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒப்பந்தத்தால் ஐஸ் உறையாது. எரிப்பது குறைந்தால்தான் உறையும். ஷிஷ்மரேஃப் போன்ற ஊர்கள் இடம் மாறும் செலவையும் எரித்தவர்களே ஏற்க வேண்டும்.

மாடியில் சுண்ணாம்பு உதிர்ந்தால் அடுத்த கோடைக்கு மறுபடி அடிக்கலாம். பூமியின் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கிடையாது!