பனிப்பெட்டிக்குள் கிடந்த கடன் கணக்கு

கண்டியில் வாழும் நாம் குளிரைப் பற்றி முறையிட்டால் நுவரெலியாக்காரர் சிரிப்பர். மார்கழி, தை மாதங்களில் அங்கே புல்நுனியில் பனி உறைந்து வெளுத்துக் கிடக்கும் காலையில், நமக்கு ஒரு கம்பளிச் சட்டையும் சூடான தேநீரும் போதுமானவை. ஆயினும் உறைநிலைக்கு 18 பாகை கீழான குளிர் கண்டியிலும் உண்டு. மீனும் கோழியிறைச்சியும் ஐஸ்கிறீமும் அடைத்து வைக்கும் கடைப் பெட்டிக்குள் அது இருக்கிறது. அப்பெட்டியைப் பற்றியே இவ்வாரம் எழுத நேர்ந்தது.

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் நமக்கு நெடுநாட் பழக்கமான பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். கண்பார்வை மங்கிய பின் கடன் கொப்பியில் எழுதுவதை விட்டுவிட்டு, கையடக்கத் தொலைபேசியை வாயருகே பிடித்து, யார் எதை எவ்வளவுக்கு வாங்கினார் என்பதைச் சொல்லிப் பதிவு செய்துகொள்வது அவர் வழக்கம். ஒரு சனிக்கிழமை இரவு கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர், விடியுமுன் மாரடைப்பால் காலமானார். தொலைபேசியைக் காணவில்லை. அழைத்துப் பார்த்தால் தொடர்பும் இல்லை. எட்டுச் செலவு முடிந்து கடையைத் திறந்த அன்று, மூத்த மகன் மீன் பொட்டலங்களை அகற்றியபோது அடியில் வெண்பனி பூத்துக் கிடந்தது அது. குனிந்த வேளையில் சட்டைப் பையிலிருந்து நழுவியிருக்க வேண்டும்.

மகன் அதை எடுத்துத் துடைத்து மின்னேற்றிப் பார்க்கத் துடித்தார். தங்கைதான் பெட்டியின் மூடியை மூடிவிட்டு நம்மை அழைத்தாள். "மாமா, அப்பாவின் போன் மீன் பெட்டிக்குள் இருக்கிறது. அண்ணா இப்பவே சார்ஜில் போடப் போகிறார்" என்றாள். அது அங்கேயே இருக்கட்டும், நாம் வரும்வரை ஒருவரும் தொட வேண்டாம் என்று சொல்லிப் புறப்பட்டோம்.

தொலைபேசியில் சேமித்தவை குளிரினால் அழிவதில்லை. குரலும் படமும் சில்லுக்குள் மிக நுண்ணிய அறைகளில் அடைபட்ட மின்னேற்றங்களாகவே இருக்கின்றன. ஒவ்வோர் அறையையும் சுற்றி மின்கடத்தாச் சுவர் உண்டு. அதன் வழியே மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசிவதை வெப்பம் விரைவுபடுத்தும், குளிரோ தாமதப்படுத்தும். ஆகவே கடைக்காரரின் சொற்களுக்கு, வெயில் படும் கண்ணாடி அலுமாரியைக் காட்டிலும் மீன் பெட்டியே ஏற்ற இடமாயிற்று.

குளிர் நினைவைக் காக்கும் என்பதை வைத்து 2013இல் ஜெர்மனியில் வேடிக்கையான சோதனை ஒன்று நடந்தது. எர்லாங்கன் - நியூரம்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களான டீலோ முல்லரும் மிக்கேல் ஸ்பிரைட்சன்பார்த்தும் சாம்சங் கேலக்ஸி நெக்சஸ் தொலைபேசி ஒன்றைப் பையிலிட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் உறைகுளிரில் வைத்தனர். மின்சாரம் நின்றதும் நொடிப்பொழுதில் மறந்துபோகும் இயல்புடைய தற்காலிக நினைவகம், குளிர்ந்தபின் சற்று நேரம் மறவாதிருந்தது. மின்கலத்தைக் கணப்பொழுது கழற்றி மாட்டி, அந்த இடைவெளியில் பூட்டின் திறவுகோலையே படித்துவிட்டார்கள்! இயங்கிக்கொண்டிருந்த தொலைபேசியில், மின்கலத்தைக் கையால் கழற்ற முடிந்த காலத்தில் நடந்தது இது. வாசகர்கள் வீட்டில் செய்து பார்த்தால் மின்கலத்துக்குத்தான் கேடு.

ஏனெனில் குளிரில் நோவது மின்கலமே. லித்தியம் மின்கலத்தின் உட்திரவம் குளிரில் தடித்துவிட, அயன்கள் நகர மாட்டாமல் தடுமாறும். தொலைபேசி செத்தது போற் கிடக்கும். வெதுவெதுப்பு வந்ததும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் குளிர் தணியுமுன் மின்னேற்ற முனைந்தால் கதை வேறு. மின்கலத்தின் ஒரு தகட்டில் பூசியிருப்பது காரீயம். கேகாலைப் பக்கத்துப் போகலைச் சுரங்கத்தில் வெட்டி எடுக்கிறார்களே, அவ்வினந்தான். மின்னேறும்போது லித்தியம் அயன்கள் காரீய அடுக்குகளுக்குள் புகுந்து அமர வேண்டும். உறைநிலைக்குக் கீழே அவை உட்புக மாட்டாமல் வெளியிலேயே உலோகமாகப் படியும். படிந்தது ஊசிபோல் வளர்ந்து மறுபக்கத்தைத் தொட்டால், மின்கலம் தீப்பற்றவும் கூடும்.

மற்றொரு பகை பனிநீர். குளிர்ந்த தண்ணீர்க் குவளையை மேசைமேல் வைத்தால் புறமெல்லாம் வியர்ப்பதைக் காண்கிறோம். 25 பாகை வெப்பமும் நூற்றுக்கு 80 ஈரப்பதனும் உள்ள நம்மூர்க் காற்று, 21 பாகைக்குக் குளிர்ந்தாலே நீரை உதிர்க்கத் தொடங்கிவிடும். உறைந்த தொலைபேசியைத் திடீரென வெளியே எடுத்தால் அந்த வியர்வை உள்ளேயும் படியும். அவ்வேளையில் மின்சாரம் பாய்ந்தால், எட்டு நாட் குளிர் செய்யாத கேட்டை எட்டு நொடி செய்துவிடும்.

ஆதலால் பெட்டியைத் திறந்து, தொலைபேசியை அங்கேயே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் இட்டு, காற்றைப் பிதுக்கி வாயை இறுக மூடினோம். பின்னர்தான் வெளியே எடுத்தோம். பைக்குப் புறத்தே நீர் முத்து முத்தாகத் துளிர்த்தது. சில மணி நேரங் கழித்துப் பையின் ஈரத்தைத் துடைத்து, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள் சிலவற்றுடன் அதை ஒரு மூடிய தகரத்தில் மறுநாள் வரை வைத்தோம். "கடையில் மூட்டை மூட்டையாய் அரிசி இருக்கிறதே, மாமா?" என்று மகள் கேட்டாள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், அதன் துகள்கள் கருவியைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் அறிவுரை கூறியிருக்கிறது. அரிசி சோற்றுக்கே இருக்கட்டும்.

மகனுக்கோ பொறுமை இல்லை. அவருக்கு ஒரு கதை சொன்னோம். 1897இல் ஆந்திரே என்பவரின் தலைமையில் மூன்று சுவீடன் நாட்டவர் பலூனில் ஏறி வட துருவம் நோக்கிப் புறப்பட்டனர். திரும்பவில்லை. 1930இல் வெண்தீவு என்னும் பனித்தீவில் அவர்களின் உடல்களும் புகைப்படச் சுருள்களும் கண்டெடுக்கப்பட்டன. ஸ்டாக்ஹோமில் ஜோன் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் அச்சுருள்களைப் பொறுமையுடன் கையாண்டு, 240 படங்களுள் 93ஐ மீட்டார். 33 ஆண்டுகள் காத்திருந்தவை அவை. ஓர் இரவு நமக்குப் பெரிதா என்றோம். அவர் பதில் பேசவில்லை.

மறுநாள் கண்டி நகரில் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் பின்மூடியைத் திறந்து, பழைய மின்கலத்தை அகற்றிப் புதியதைப் பொருத்தினார். திரை ஒளிர்ந்தது. ஒளிர்ந்த திரை இரகசிய எண்ணைக் கேட்டது.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். சில்லைப் பெயர்த்து வேறு கருவியில் படித்துவிடலாம் என்று எண்ணுவர். முற்காலத் தொலைபேசிகளில் அது இயன்றது. 2019இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு பத்தாம் பதிப்புடன் வரும் புதிய கருவிகள் யாவற்றிலும் மறையாக்கம் கட்டாயமாயிற்று. சில்லில் இருப்பவை யாவும் புரியாத குறிகளே. அவற்றை அவிழ்க்கும் திறவுகோல் அந்தத் தொலைபேசியோடும் இரகசிய எண்ணோடும் பிணைந்தது. அணைந்து எழுந்த கருவிக்குக் கைரேகையும் போதாது. தவறாக ஊகிக்க ஊகிக்கக் காத்திருக்கும் நேரம் நீளும். சில கருவிகள் யாவற்றையும் அழித்துவிடவும் கூடும். காணி உறுதியோடு அலுமாரியில் ஓர் உறையில் அந்த எண்ணையும் எழுதி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் வரவில்லை.

பிள்ளைகளின் பிறந்த நாட்களைப் போட்டுப் பார்க்க முற்பட்ட மகனை நிறுத்தி, கடைப் பையனை அழைத்து வரச் சொன்னோம். முதலாளியின் இரகசியம் மனைவிக்குத் தெரியாவிட்டாலும் கடைப் பையனுக்குத் தெரிந்திருக்கும்! பையன் கூச்சத்தோடு நான்கு இலக்கங்களைச் சொன்னான். பூட்டுத் திறந்தது.

முதல் வேலையாகப் பதிவுகளையெல்லாம் கணினியில் பிரதி எடுத்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகளின் கடன் அதில் இருந்தது. மகன் புதிய கொப்பி ஒன்றைத் திறந்து, தகப்பனார் குரல் சொல்லச் சொல்ல எழுதினார். அரிசி இரண்டு கிலோ, தேங்காய் மூன்று, பருப்பு அரைக் கிலோ, நெருப்புப்பெட்டி ஒன்று. மேல்வீட்டம்மா பாதி கொடுத்துவிட்டார், மீதி அடுத்த மாதம். உட்கதவருகே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார் அம்மையார். எழுதி முடித்த மகன் நிறுத்தப் போனபோது, நிறுத்தாதே என்று கையசைத்தார். மீண்டும் முதலிலிருந்து போடச் சொன்னார்.