துப்பாக்கிக் கட்டையின் பூர்வீகம்

குடும்பப் பத்திரிகையில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்க வேண்டாம். சுடுகிற பாகத்தைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. அதைத் தாங்குகிற மரக்கட்டையைப் பற்றித்தான்.

ஆஸ்திரேலியாவில், தாத்தா வழியில் வந்த பழைய ‘லீ-என்ஃபீல்ட்’ ராணுவத் துப்பாக்கியை லைசென்ஸுடன் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அது எங்கே பிறந்தது என்று அறிய இரும்பில் பொறித்த பெயரைப் படித்தால் மட்டும் போதாது. பழுது பார்க்கும்போது கட்டையை மாற்றி விடுவார்கள். இரும்பு ஓர் ஊர், மரம் வேறோர் ஊர் என்று ஆகிவிடும்!

நியூ சவுத் வேல்ஸில் லித்கோ என்னும் ஊரில் 1912-ல் திறந்த தொழிற்சாலை, ஆரம்பத்தில் இங்கிலாந்தைப் போலவே அக்ரூட் மரத்தைத்தான் உபயோகித்தது. பிறகு குவீன்ஸ்லாந்து மேப்பிள், கோச்வுட் என்ற உள்நாட்டு மரங்களுக்கு மாறியது. சுடும்போது ஏற்படும் உதைப்பில் இவை நசுங்காதிருக்க, முன்கட்டைக்குள் செப்புத் தகடுகளைப் பதித்தார்கள். கழற்றிப் பார்த்துச் செப்பு தெரிந்தால், லித்கோ சம்பந்தம்தான் என்று அநேகமாகத் தீர்மானிக்கலாம். வங்காளத்து இச்சாப்பூர்க் கட்டைகள் பலவற்றில் செப்புக்குப் பதில் குறுக்கே ஒரு திருகாணி போகும்.

நாம் பாத்திரத்தில் பேர் வெட்டுவதில்லையா? பிரிட்டிஷ் சர்க்கார் தன் சொத்தில் அம்புக்குறி போட்டது. அம்புக்கு இருபுறமும் ஆங்கில ‘டி’ இருந்தால் ஆஸ்திரேலியா, ‘சி’க்குள் அம்பு என்றால் கனடா, ‘யு’வுக்குள் என்றால் தென்னாப்பிரிக்கா, அம்பின் கீழ் ‘ஐ’ இருந்தால் இந்தியா. ‘ஸ்லாஸ்’ என்ற முத்திரைதான் வேடிக்கை. டென்னிஸ் மட்டைக்குப் பேர் போன ஸ்லாசெஞ்சர் கம்பெனி, இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஆஸ்திரேலியாவில் துப்பாக்கிக் கட்டையும் செய்தது! பின்கட்டையில் ரவிக்கை அளவு மாதிரி அளவு கூட உண்டு: நெட்டைச் சிப்பாய்க்கு ‘எல்’, குட்டைக்கு ‘எஸ்’, அதிலும் குட்டைக்கு ‘பி’.

அதே பின்கட்டையில் ‘2 எம்.டி.’ என்றிருந்தால் அது நியூ சவுத் வேல்ஸ் ராணுவ வட்டாரம்; ‘3’ என்றால் விக்டோரியா. தாத்தா எந்தப் பக்கத்துப் படையில் இருந்தார் என்று தேடும் பேரனுக்கு இந்த ஓர் எண் பெரிய உதவி. ‘பளபள’வென்று இருக்கட்டுமே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் முதலில் மறைவது இதுதான். புளி போட்டுத் தேய்த்தே பாட்டியின் பேர் அழிந்துபோன செம்புகள் நம் வீடுகளில் எத்தனை!

தோட்டா இல்லை என்று விவரம் தெரிந்தவர் பார்த்த பிறகு, மெல்லிய துணியால் தூசியை மட்டும் துடைத்து, இருட்டறையில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், மங்கிய எழுத்தும் நிழல் விழுந்து தெரியும்.