இணக்கமா, ஒத்தொழுகலா?

‘கொன்போம்’ என்னும் ஆங்கில வினைக்கு ‘இணங்குதல்’ என்று பொருள் எழுதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இது சொற்பிழை மட்டுமன்று, சிந்தனைப் பிழையுமாகும். இலத்தீன் மூலத்தில் அச்சொல் வடிவத்தையே சுட்டும். குறித்த அளவுக்குக் ‘கொன்போம்’ ஆகும் திருகாணியின் சம்மதத்தை எவரும் வினவுவதில்லை. இணக்கமோ மனம் சார்ந்தது. மறுக்கும் உரிமை உள்ளவனே இணங்கவும் வல்லவன்.

இவ்வேறுபாட்டை இங்கிலாந்தின் வரலாறு உணர்த்தும். 1662ஆம் ஆண்டின் ஒருசீர்மைச் சட்டம், அரச திருச்சபையின் வழிபாட்டு நூலைக் கைக்கொள்வதோடு அமையாது, அதற்கு மனமார்ந்த சம்மதத்தையும் மதகுருமார் வெளிப்படையாகக் கூறவேண்டுமென விதித்தது. ஒத்தொழுகல் வேறு, இணக்கம் வேறு என்பதை ஆள்வோரே அறிந்திருந்தனர் அன்றோ! 1660–62 காலப்பகுதியில் ஏறத்தாழ 2,000 மதகுருமார் பதவியிழந்தனர். அவர்தம் மரபினர் அவ்வினையின் எதிர்மறையாலேயே பெயர்பெற்றனர். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் புலமைப் பதவிகளை அன்னோருக்குத் திறந்துவிட்டது 1871ஆம் ஆண்டுச் சட்டமே.

எனவே ‘ஒத்தொழுகல்’ என்றே எழுதுவோம். விரிவுரை மண்டபத்தின் மௌனத்தை இணக்கமெனக் கொள்வோர், பணிந்தவன் கூறாத சம்மதத்தை அவன் வாயில் திணிக்கின்றனர். மொழிபெயர்ப்பாளன் அதற்குத் துணைபோகலாகாது.