தூணை வாங்கிவிட்டால் வீடு வந்துவிடாது

பெரும் பணம் செலவிட்டுப் புதுப்பிக்கப்படும் நகரத்து வீடுகளின் உள் அலங்காரத்தில் இப்போது செட்டிநாடு தவறாமல் இடம்பிடிக்கிறது. கூடத்தில் இரண்டு பர்மா தேக்குத் தூண்கள், பூஜை அறைக்குச் சிற்பவேலை செய்த நிலைக்கதவு, தரையில் ஒரு ஓரத்துக்கு மட்டும் ஆத்தங்குடி கல். காலத்தால் பழசாகாத அழகு என்று இதற்குப் பெயர் சொல்கிறார்கள். இந்தத் தூண்களும் கதவுகளும் விற்பனைக்கு வரும் முக்கியமான இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள். அந்தக் கடைகளுக்கு அவை இடித்த வீடுகளிலிருந்து வருகின்றன. நூறு ஆண்டு நின்ற வீட்டின் உறுப்புகளைக் கொண்டுவந்து, பத்து ஆண்டுகளில் மறுபடி மாற்றப்போகிற ஒரு கூடத்தில் நட்டுவைப்பதால் அந்தக் கூடத்துக்கு ஆயுள் கூடுவதில்லை. பழசாகாத தன்மை தூணில் இருக்கிறது என்ற எண்ணமே பிழையானது. கெட்டுப்போனால் சரிசெய்ய முடிகிற பொருளிலும், அதைச் சரிசெய்யத் தெரிந்த கையிலும்தான் அது இருக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளே இதற்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை அவற்றைக் கட்டிய நகரத்தார் பழமைக்குக் காவல் நின்றவர்கள் அல்லர். அவரவர் காலத்தின் புதுமையைத் தேடிப்போய் வாங்கியவர்கள். இத்தாலிய சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பானிய ஓடு, பர்மா மரம் என்று அவர்களுடைய பணம் எட்டிய இடமெல்லாம் அந்தக் கூடங்களில் தெரியும். 1930களில் கட்டிய வீடுகளில் ஆர்ட் டெகோ பாணி தலைகாட்டுகிறது. இன்று நாம் மண்ணின் அடையாளமாகக் கொண்டாடும் ஆத்தங்குடி கல்லின் வேர்கூட, ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய சிமென்ட் ஓடு செய்யும் நுட்பத்தில் இருக்கிறது. ஆக, பாணி ஒவ்வொரு தலைமுறையிலும் மாறியே வந்திருக்கிறது. மாறாமல் நின்றது அமைப்பு. திண்ணை, முகப்பு, வானம் பார்த்த வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்கோட்டில் ஓடும் வீட்டில், முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். காற்றும் வெளிச்சமும் வர வழி இருந்தது. முற்றத்தில் விழும் மழைநீர் போகவும் வழி இருந்தது. அலங்காரம் எதுவானாலும் அந்த வழி அடைபடவில்லை.

பொருள்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஆத்தங்குடி கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சைப் பொருத்தி, சாயம் கலந்த சிமென்ட் கூழைக் கரண்டியால் அளந்து ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்த பிறகு மணலும் சிமென்டும் இட்டு நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து, காயவிடுகிறார்கள். கண்ணாடி பட்ட முகம்தான் தரையின் மேல்முகம். நடமாட்டத்திலும் துடைப்பிலும் அதன் மினுமினுப்பு கூடுகிறது. ஒரு கல் உடைந்தால், அதே ஊரில் அதே அச்சில் இன்னொன்று வார்க்கலாம். சுவர்ப்பூச்சும் அப்படித்தான். சுண்ணாம்பு, மணல், கடுக்காய்ச் சாறு, வெல்லம், மேல்பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு என்று அடுக்கடுக்காகப் பூசி, கடைசியில் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல இறுகும். மயிரிழை விரிசல்களைத் தானே மூடிக்கொள்ளவும் செய்யும். ஈரத்தை வாங்கும், வெளியே விடும். இப்படிப்பட்ட சுவர்மேல் அவசரத்துக்குச் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கி, உப்புப் பூத்து, பூச்சு பெயர்ந்து விழும். புதுப்பிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே பழைய வீடுகளைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஒரு வேலைதான்.

இன்றைய சொகுசு வீட்டின் உள்ளறைகளில் நிறைந்திருப்பவை வேறு வகைப் பொருள்கள். துகள் பலகையில் லேமினேட் ஒட்டிய அலமாரியின் அடியில் தண்ணீர் புகுந்தால் பலகை உப்பிவிடும். எந்த ஆசாரியாலும் அதை இழைத்துச் சரிசெய்ய முடியாது. ஜிப்சம் கூரையில் கசிவு இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பதுதான் வழி. விட்ரிஃபைடு தரையில் ஒன்று உடைந்து, அந்த நிறத்தின் உற்பத்தியும் நின்றுபோயிருந்தால், ஒரு கல்லுக்காக அறை முழுவதையும் பெயர்க்க வேண்டியிருக்கும். விலை உயர்ந்தது என்பதால் இவற்றின் ஆயுள் நீள்வதில்லை. இவற்றை வைத்துக்கொண்டு பழசாகாத அழகு பேசுவது, வாங்குபவருக்குச் சொல்லும் பொய் வாக்குறுதி.

பழைய வீட்டில் இன்றைய வசதியோடு வாழ முடியுமா என்ற கேள்வி நியாயமானது. கழிப்பறை, குளிரூட்டி, மின்கம்பி, நவீனச் சமையலறை எதையும் விட்டுக்கொடுக்க யாரும் தயாரில்லை. விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. கானாடுகாத்தானில் விசாலம், கோத்தமங்கலத்தில் 1910இல் கட்டப்பட்ட சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் ஆகிய மாளிகைகள் புதுப்பிக்கப்பட்டு இன்று விடுதிகளாக இயங்குகின்றன. அங்கே விருந்தினர் குளிரூட்டிய அறையில் உறங்குகிறார்கள். வளவு வளவாகவே இருக்கிறது. முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு மொத்த வீட்டையும் குளிரூட்டப் புறப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வெப்பம் வெளியேறிய வழியை அடைத்துவிட்டு, அதே வெப்பத்தை வெளியேற்ற மின்சாரத்துக்குப் பணம் கட்ட நேர்கிறது.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் ஒன்று உண்டு. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதோடு நகரத்தாருக்கு அங்கிருந்து வந்த செல்வம் அற்றது. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு நாடு. ஓடு மாற்றக்கூடப் பணம் திரட்ட முடியாத வீடுகள் எப்படியும் விழப்போகின்றன. தூணை வாங்கி வைப்பது அதைக் காப்பாற்றுவதுதானே என்கிறார்கள். அடுப்புக்குப் போவதைவிடக் கூடத்துக்குப் போவது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தச் சந்தை விழுந்த வீட்டை மட்டும் தின்பதில்லை. ஒரு கதவுக்கு நகரத்தில் நல்ல விலை கிடைக்கும் என்று தெரிந்தபின், பிரிக்க முடியாத வீட்டைவிடப் பங்கு போட எளிதான மரச்சாமான்கள் வாரிசுகளுக்கு வசதியாகிவிடுகின்றன. நிற்கக்கூடிய வீடும் அதனால் இடிகிறது. முட்டுக்காட்டின் தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டை அதன் கட்டமைப்போடு கொண்டுவந்து நிறுத்தியிருப்பதால், அங்கே போகிறவர் வீட்டின் பொருளை உணர்கிறார். வரவேற்பறை மூலையில் ஒற்றையாக நிற்கும் தூணோ எதையும் தாங்குவதில்லை.

செலவைக் காரணம் காட்டுவோர், இங்கே பேசப்படுவது சொகுசு வீடுகளைப் பற்றி என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சுண்ணாம்புப் பூச்சுக்குக் கூலியும் நாளும் அதிகம் ஆகும், உண்மைதான். ஆனால் அந்தக் கூலிதான் ஒரு கொத்தனார் தன் மகனுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது. நடுத்தரக் குடும்பங்களால் இந்தத் தொழில்களைத் தாங்க முடியாது; பணம் படைத்தவர்களின் வீடுகளால்தான் முடியும். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் சேர்ந்தன. அந்தப் பெருமை தனியார் வீட்டின் ஓட்டை மாற்றித் தராது.

வீட்டைப் புதுப்பிக்க வடிவமைப்பாளரை அழைப்பவர்கள் அவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. இந்தத் தரையில் ஒரு கல் உடைந்தால் இருபது ஆண்டு கழித்து யார் அதைச் செய்து தருவார்? இந்தச் சுவரில் ஈரம் ஏறினால் எந்த வழியாக இறங்கும்? இந்தக் கதவு எந்த ஊர் வீட்டிலிருந்து வருகிறது, அந்த வீடு இன்னும் நிற்கிறதா? நிற்கிறதென்றால் கதவை அங்கேயே விட்டுவிட்டு, புதிய மரத்தில் தங்கள் காலத்துக்கேற்ற ஒரு கதவைச் செய்துதரச் சொல்லி ஒரு ஆசாரிக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கலாம்.