கரண்ட் போனாலும் நிற்கக்கூடாத இடங்கள்: ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் போதுமா?

ஆடிக்காற்று பலமாக வீசினால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கரண்ட் போவது புதிதல்ல. மலையடிவாரத்தில் ஒரு மரக்கிளை மின்கம்பியில் விழுந்தாலே போதும். வீட்டில் ஃபேன் நின்றால் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால், ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாத இடங்களும் இருக்கின்றன.

யாருக்கு என்ன பாதிப்பு?

ராஜபாளையத்தின் நூற்பாலைகளில் திடீரென மின்சாரம் நின்றால், ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் நிற்கும். அறுந்த நூல்களைத் தொழிலாளர்கள் ஒவ்வொன்றாக இணைத்த பிறகே உற்பத்தி பழைய நிலைக்கு வரும். இது பண நஷ்டம். அரசு மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் கரண்ட் போனால்? அது உயிர்ப் பிரச்சினை.

பேக்கப் எப்படி வேலை செய்கிறது?

மருத்துவமனைகளில் இது பல அடுக்கு ஏற்பாடு. கரண்ட் போன நொடியே யுபிஎஸ் பேட்டரி கைகொடுக்கும். சில நொடிகளில் டீசல் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகும். வெண்டிலேட்டருக்குள்ளும் பொதுவாகத் தனி பேட்டரி உண்டு. எதுவுமே இயங்காவிட்டால், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்தான் கடைசி வழி.

இரண்டு இருந்தால் போதுமா?

ஒரு ஜெனரேட்டர் 100 முறையில் 10 முறை ஸ்டார்ட் ஆகாது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதேபோல இன்னொன்றையும் வைத்தால், இரண்டும் சேர்ந்து கைவிடுவது 100-ல் ஒரு முறைதான். ஆனால், இரண்டும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரி. ஒரே டீசல் டேங்க், ஒரே சேஞ்ச் ஓவர் சுவிட்ச், தண்ணீர் தேங்கும் ஒரே ஷெட் என்றால், பெயருக்குத்தான் இரண்டு.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஜப்பானின் ஃபுகுஷிமா. 2011 மார்ச் 11-ல் சுனாமி வந்தபோது, அந்த அணுமின் நிலையத்தில் 13 அவசரகால டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தன. பெரும்பாலானவை தாழ்வான இடத்தில் இருந்ததால், ஜெனரேட்டர்களும் அவற்றின் மின் இணைப்புப் பலகைகளும் கடல்நீரில் மூழ்கின. தொடர்ந்து மின்சாரம் கொடுத்தது ஒன்றே ஒன்று. அது வேறு இடத்தில் இருந்தது. குளிர்விக்கக் கடல்நீர் தேவைப்படாத வகையும்கூட. 5, 6-வது அணு உலைகள் தப்பியதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

மதுரையில் எழுந்த கேள்வி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து மேல்சிகிச்சைக்குப் பலரும் அனுப்பப்படுவது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு. 2019 மே 7 மாலை மழையின்போது அங்கு மின்தடை ஏற்பட்டது. வெண்டிலேட்டர் சிகிச்சையில் இருந்த நோயாளிகள் சிலர் அன்று உயிரிழந்தனர். ஜெனரேட்டர் இயங்காததே காரணம் என உறவினர்கள் குற்றம்சாட்டினர். மருத்துவமனை நிர்வாகம் அதை மறுத்தது. காரணம் குறித்து இருதரப்பும் முரண்பட்டாலும், பேக்கப் சரியாக இயங்கியதா என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

நாம் என்ன கேட்க வேண்டும்?

ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம், அதன் ஸ்டார்ட்டர் பேட்டரி டவுன் ஆகிக் கிடப்பதுதான். சும்மா ஓட்டிப் பார்த்து நிறுத்துவதும் சோதனை ஆகாது. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 110 விதிமுறைப்படி, மாதம் ஒருமுறை குறைந்தது 30 நிமிடம் லோடு கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எனவே, நம் ஊர் மருத்துவமனையில் "ஜெனரேட்டர் இருக்குல்ல?" என்று கேட்டால் மட்டும் போதாது. "கடைசியா எப்போ லோடு போட்டு ஓட்டிப் பார்த்தீங்க? மழை வந்தா அந்த ரூமுக்குள்ள தண்ணி வருமா?" என்றும் கேட்க வேண்டும்.